சைக்கிள் பாதைக்கு இத்தனைப் பணமா? எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிறு இரவு

குணசேகரன்: இன்று காலை ஈரச்சந்தைக்குப் போகும் வழியில் ஒரு சைக்கிள் என் முழங்கையை உரசிக்கொண்டு போனது. மணியும் அடிக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. இவர்களுக்குப் பாதை போடத்தான் நம் சிங்கப்பூர் அரசு ஒரு பில்லியன் வெள்ளிக்கு மேல் ஒதுக்கியிருக்கிறது. அந்தப் பணத்தை அரசின் பலதுறை மருந்தகங்களுக்குக் கொடுத்தால் எங்களைப் போன்ற வயதானவர்களுக்காவது பயன்படும்.

மல்லிகா: ஐயோ அண்ணா, அடி ஏதும் படவில்லையே?

குணசேகரன்: இல்லை மல்லிகா. பைதான் கீழே விழுந்தது. முருங்கைக்காய் எல்லாம் தரையில் சிதறிவிட்டது. பின்னால் வந்த ஒரு மலாய்ப் பெண் பொறுக்கிக் கொடுத்தாள்.

தேவி: மாமா, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதே நிம்மதி. ஆனால் செலவு விஷயத்தில் என்னால் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. அந்தப் பணம் உங்களுக்கும் சேர்த்துத்தான். உங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து சந்தைவரை சைக்கிளுக்கென்று தனிப் பாதை கிடையாது. அதனால்தான் அவன் நடைபாதையில் வந்தான். அப்படி வருவதைச் சட்டமும் தடுக்கவில்லை, மணிக்கு 10 கிலோமீட்டருக்குள் வந்தால் போதும். மோதாமல் இருப்பது ஓட்டுபவரின் நல்ல மனத்தைப் பொறுத்தது என்றால், அதை நம்பி எத்தனை நாள் நடப்பீர்கள்?

ரவி: முன்பு 15 கிலோமீட்டர் என்றல்லவா இருந்தது?

தேவி: ஆமாம் அண்ணா, 2019 பிப்ரவரியில் 10 ஆகக் குறைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் மின்ஸ்கூட்டரை நடைபாதையில் ஓட்டவே தடை வந்தது. ஆனால் விதியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் இடம் அகலமாகிவிடாது. இடம் வேண்டுமென்றால் பணம் வேண்டும். 2020இல் தீவு முழுவதும் 460 கிலோமீட்டர் பாதைதான் இருந்தது. 2030க்குள் அதை ஏறக்குறைய 1,300 ஆக்குவதற்குத்தான் பத்து ஆண்டுகளுக்கு இந்தத் தொகை.

ரவி: எல்லாம் சரி, வண்டி ஓட்டுகிறவனையும் கொஞ்சம் நினைத்துப் பார் தேவி. நகர மையத்துப் பென்கூலன் ஸ்திரீட்டில் எம்ஆர்டி ரயில் வேலை முடிந்து 2017இல் சாலையைத் திறந்தபோது, நான்கு தடத்தில் இரண்டை நடைபாதைக்கும் சைக்கிளுக்கும் கொடுத்துவிட்டார்கள். வண்டி வைத்திருக்கவே வாங்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழுக்கு நாங்கள் கட்டும் தொகை உனக்கே தெரியும்.

தேவி: தெரியும் அண்ணா. ஆனால் இந்தத் தீவின் நிலத்தில் 12 விழுக்காடு ஏற்கெனவே சாலைக்குப் போய்விட்டது. 2018 பிப்ரவரியிலிருந்து கார்களின் எண்ணிக்கை வளரும் விகிதத்தைப் பூஜ்யமாக வைத்திருக்கிறார்கள். அப்படியிருக்க, கார் இல்லாத குடும்பங்களுக்கு ஒரு வழி காட்ட வேண்டாமா? பென்கூலனில் சைக்கிள் நிறுத்தத்தைப் பாருங்கள், எத்தனை மாணவர்களின் வண்டிகள் நிற்கின்றன! அந்த இரண்டு தடமும் வீணாகப் போய்விட்டது என்று நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

மல்லிகா: ஒரு பாதை போட இவ்வளவு செலவா? சிமெண்ட்டும் சிவப்புச் சாயமும்தானே?

பிரகாஷ்: அத்தை, நான் தினமும் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவன். எங்கள் வட்டாரத்தில் தோண்டுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். புல்தரையில் போடுவது எளிது. ஆனால் பாதி இடத்தில் வடிகாலை மூடி அதன் மேல் போட வேண்டியிருக்கிறது. விளக்குக் கம்பத்தை நகர்த்த வேண்டும், கீழே ஓடும் மின்கம்பியைத் தொடாமல் தோண்ட வேண்டும், மரத்தின் வேர் வந்தால் வளைத்துப் போக வேண்டும். பஸ் நிறுத்தம் வந்தாலோ நிழற்குடையையே பெயர்த்து வைக்க வேண்டும். செலவெல்லாம் அங்கேதான் போகிறது.

பிரகாஷ்: அதைவிட முக்கியமான ஒன்று. பாதை தொடங்கும் இடத்தைவிட முடியும் இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். என் வழியில் நல்ல அகலமான பாதை ஒன்று இருக்கிறது. பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் சட்டென்று நின்றுவிடும். அங்கே நிழற்குடையின் தூணுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் போகத்தான் இடம். மழை பெய்தால் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எல்லாம் அந்த இடுக்கில்தான் ஒதுங்குவார்கள். நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன், எல்லாரும் இறங்குவதில்லை. மாமாவை இடித்ததும் இப்படிப்பட்ட ஒரு இடத்தில்தான் இருக்கும்.

குணசேகரன்: பஸ் நிறுத்தத்தைத் தாண்டியதும்தான். நீ சொல்வது சரி தம்பி.

தேவி: பார்த்தீர்களா மாமா, என் வருத்தமும் இதுதான். எத்தனை கிலோமீட்டர் போட்டோம் என்ற கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விட்டுப்போன அந்தப் பத்து, இருபது மீட்டரில்தான் ஆள் விழுகிறார். பணத்தை முதலில் அங்கே போட வேண்டும். சந்திப்புகள், பஸ் நிறுத்தங்கள், எம்ஆர்டி வாசல், பள்ளி வாசல். அம்மா ஒருத்தி பின்னால் பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு பயமில்லாமல் போக முடிந்தால் அதுதான் பாதை.

மல்லிகா: ஆனால் இப்போது நடப்பவர்களுக்கு மட்டும் என்று சில பாதைகளில் எழுதிப் போட்டிருக்கிறார்களே?

தேவி: அது 2025 ஜூலை 1 முதல் அத்தை. சைக்கிள் பாதை பக்கத்திலேயே இருந்தால், ஒட்டியிருக்கும் நடைபாதை நடப்பவர்களுக்கு மட்டும். மீறி ஓட்டினால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். ஆனால் தனிப் பாதை போட்ட இடத்தில்தான் இந்த விதியே செல்லும். பாதை இல்லாத இடத்தில் மாமாவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் செலவை நிறுத்தச் சொல்லாதீர்கள் என்கிறேன்.

ரவி: நான் ஒன்று சொல்கிறேன். கிராஞ்சிப் பக்கம் விடியற்காலையில் லாரி ஓட்டும்போது, வேலைக்கு வந்திருக்கும் நம் ஊர்ப் பையன்கள் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதியிலிருந்து சைக்கிளில் வருவதைப் பார்க்கிறேன். பின்விளக்கு இருக்காது, சாலை ஓரம் முழுக்கக் கனரக வாகனம். ஒவ்வொரு முறையும் நெஞ்சு பதறுகிறது. பூங்காவில் உலா போகிறவர்களுக்கு முன்னால் இவர்களுக்குப் பாதை போட்டால் நானே இரண்டு கையையும் தூக்கி ஆதரிப்பேன்.

தேவி: அண்ணா, இதைக் கட்டாயம் எழுதி அனுப்புங்கள். வேலைக்குப் போக சைக்கிளைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் அவர்கள். மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு அவர்கள் வரப்போவதில்லை. நாம்தான் சொல்ல வேண்டும்.

குணசேகரன்: எனக்கு இன்னும் கொஞ்சம் மனத்தாங்கல் இருக்கிறது, மறைக்கவில்லை. மணி அடிக்கக்கூடத் தெரியாதவர்களுக்குப் பாதை போட்டு மட்டும் என்ன ஆகும்? பள்ளியிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்தப் பஸ் நிறுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மல்லிகா: அங்கே சக்கர நாற்காலியும் திரும்ப முடியாது அண்ணா. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிரகாஷ்: நாளைக் காலை அந்த வழியாகத்தான் போகிறேன் மாமா. படம் எடுத்து, வட்டாரக் குறைகளை அரசுக்குத் தெரிவிக்கும் ஒன்சர்வீஸ் செயலியில் போட்டுவிடுகிறேன். எந்தப் பக்கத்து நிறுத்தம்?

குணசேகரன்: சந்தைக்கு எதிர்ப்பக்கம். காலை ஏழரை மணிக்குப் போ, பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக நிற்கும்போது எடுத்தால்தான் இடுக்கு எப்படி என்று அவர்களுக்குப் புரியும். பிள்ளைகளின் முகம் தெரியாமல் எடு. பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண்ணையும் குறித்துக்கொள்.

தேவி: படம் வந்ததும் இங்கேயும் போடு பிரகாஷ். கடிதத்தை நான் எழுதுகிறேன். ரவி அண்ணா, கிராஞ்சியில் எந்தச் சாலை, எந்த நேரம் என்று இன்றிரவே எனக்குச் சொல்லிவிடுங்கள்.