கராத்தே கிளாஸ் முடிஞ்சு மூணாம் நாள்

குழு: நம்ம வீட்டு ஆளுங்க

*திங்கள்*

நான், காலை 5.52
எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை ஹட்டன்ல கராத்தே கிளாஸ் சேர்ந்தேன்னு சொன்னேன்ல. நேத்து காலு கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு, அவ்வளவுதான். இன்னைக்கு கட்டிலவிட்டு எந்திரிக்கவே ஏலல. தொடை ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு. போர்டிங் மாடிப்படியில கைப்பிடியப் புடிச்சி பக்கவாட்டுலதான் இறங்குறேன். 7.30க்கு ஸ்கூல்ல நிக்கணும்.

அம்மா, 5.55
அய்யோ பாப்பா. எங்கயும் விழுந்துட்டியா. சித்தாலேப தைலம் தேச்சியா

நான், 5.58
விழல அம்மா, அடியும் படல. உதைக்கவே இன்னும் சொல்லித் தரல, நிக்கத்தான் பழக்குனாங்க. கிபாதாச்சின்னு ஒரு நிலை. குதிரை மேல உக்காந்த மாதிரி காலை அகட்டி, முட்டிய மடக்கி நிக்கணும். அப்புறம் அதுலயே இறங்கி எழும்பி, இறங்கி எழும்பி. நூறுக்கு மேல இருக்கும்.

சின்னமாமா, 6.05
28 வயசுல இது தேவையா பாப்பா. தசை கிழிஞ்சிருக்கும். ஒரு மாசம் அசையாம இரு. கிளாஸ நிப்பாட்டு.

தம்பி, 6.11
இல்ல மாமா, அது லாக்டிக் அமிலம். கொழும்பு ஜிம்ல எல்லாரும் அதான் சொல்றாங்க. அக்கா, தேசிக்காத் தண்ணி குடிங்க, கரைஞ்சிடும். இன்னைக்கும் அதே நூற அடிச்சா வலி ஓடிரும்.

அண்ணி, 6.48
நைட் டியூட்டி முடிச்சு இப்பதான் போனப் பார்க்குறேன். பாப்பா, மொதல்ல இதுக்குப் பதில் சொல்லு. காய்ச்சல் இருக்கா? மூத்திரம் என்ன நிறம்? ரெண்டு தொடையும் ஒரே மாதிரி நோவுதா, இல்ல ஒரு இடத்துல மட்டும் குத்துதா? முட்டி வீங்கியிருக்கா?

நான், 6.50
காய்ச்சல் இல்ல அண்ணி. மூத்திரம் எப்பவும் போலத்தான். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. வீக்கம் இல்ல. உக்காந்தா பரவால்ல, உக்காரப் போறதும் எந்திரிக்கிறதும்தான் உயிர் போகுது.

அண்ணி, 6.59
அப்ப பயப்படாத. சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணிப் பக்கமாப் போனோமே, சுமார் 5,500 படி. ஏறும்போது மூச்சுதான் வாங்குச்சு. கால் போனது எதுல? இறங்கினதுல. அதுவும் வீட்டுக்கு வந்த அன்னைக்கு இல்ல, மறுநாளும் அதுக்கடுத்த நாளும். கினிகத்தேன வளைவுல பாரம் ஏத்துன லொறி பிரேக்க அமுக்கிக்கிட்டே இறங்கும் பாரு, இறக்கத்துல தொடைத் தசை செய்யறது அந்த வேலைதான். நீண்டுக்கிட்டே பாரத்தையும் புடிச்சி நிறுத்துது. பழகாத தசைக்கு அது ரொம்பக் கஷ்டம். கிபாதாச்சில ஒவ்வொரு தடவை நீ இறங்குனதும் அதே வேலைதான்.

அண்ணி, 7.04
மாமா சொன்னதுல பாதி சரி. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கிழிசல் வருது, அத ஆத்துறதுக்கு உடம்பு வேலை செய்யுது, அந்த நேரத்து வலிதான் இது. தியோடர் ஹஃப்ன்னு ஒருத்தர் 1902லயே இப்படித்தான் இருக்கும்னு எழுதினார். ஆனா ஒரு மாசம் படுக்கிற காயம் இல்ல மாமா. அரை நாள், ஒரு நாள் கழிச்சு ஆரம்பிக்கும், ரெண்டாம் மூணாம் நாள் உச்சிக்குப் போகும், ஒரு கிழமைக்குள்ள போயிரும். தம்பி, லாக்டிக் அமிலத்த பயிற்சி முடிஞ்சு ஒரு மணித்தியாலத்துக்குள்ள உடம்பு எடுத்துரும். சனிக்கிழமை அமிலம் திங்கட்கிழமை எப்படி வலிக்கும்? தேசிக்காத் தண்ணி தாகத்துக்குக் குடிக்கலாம்.

அம்மா, பகல் 12.20
இப்பதான் கொழுந்து நிறுத்துட்டு வந்தேன். மருமக சொல்றது எனக்கு நடந்ததுதான். உன்னப் பெத்து மூணு மாசம் கழிச்சி கொழுந்து பறிக்க மலைக்குப் போனேன் பாப்பா. மொத நாள் ஒண்ணும் தெரியல. மூணாம் நாள் கூடையோட இறங்கும்போது தேயிலைச் செடியப் புடிச்சிப் புடிச்சி இறங்கினேன். உங்க அம்மாயி படுக்க விடல. மெதுவா போ, ஆனா போன்னு சொல்லுச்சு. மத்த வாரம் அதே மலை, வலியே இல்ல. இப்ப ஒரு நாள்ல எத்தன தடவ இறங்குறேன், கால் நோவுறதில்ல.

அண்ணி, 12.41
அத்தை, இதவிடத் தெளிவா எந்த டாக்டரும் சொல்ல மாட்டாங்க. ஒரு தடவை அந்த வேலையப் பார்த்த தசை அடுத்த தடவைக்குத் தயாரா இருக்கும். அதே வேலைய ரெண்டாவது முறை செஞ்சா வலி நல்லாக் குறையும், அந்தப் பாதுகாப்பு சில கிழமைக்கு நிக்கும். உங்க காலு இறக்கத்துக்குப் பழகுன காலு. பாப்பா காலு கரும்பலகை முன்னாடி நின்ன காலு. ஆனா நாளைக்கே உங்கள கிபாதாச்சில நிறுத்துனா உங்களுக்கும் எங்கயாவது நோவும், ஏன்னா அது வேற வேலை.

நான், பிற்பகல் 2.15
ஸ்கூல் விட்டு டவுனுக்கு மெதுவா நடந்தே வந்தேன். நடக்க நடக்க லேசாகுது, நின்னா திரும்பப் புடிக்குது. இப்ப என்ன செய்யட்டும்? கால இழுத்து நீட்டிப் பயிற்சி செய்யவா?

அண்ணி, 2.32
நடந்தது நல்லது, அத விடாத. நீட்டுறது இதமா இருந்தா மெதுவா நீட்டு, ஆனா அதுல வலி குறையும்னு நம்பாத. 2011ல 12 ஆய்வுகளச் சேர்த்துப் பார்த்திருக்காங்க, பயிற்சிக்கு முன்ன நீட்டினாலும் பின்ன நீட்டினாலும் வலியில பெரிசா வித்தியாசம் இல்ல. ராத்திரி வெந்நீர்ல குளி. அத்தை சொன்ன தைலத்தத் தேய்க்கலாம், நல்லெண்ணெயும் தேய்க்கலாம், சுகமா இருக்கும். போட்டு அமுக்கிப் பிசையாத. பருப்பு, முட்டை, கடலை, நெத்திலி, எது கிடைக்குதோ நல்லாச் சாப்பிடு. டீயும் ரொட்டியும் மட்டும் போதாது. நேரத்துக்குத் தூங்கு, ஆறுறதுக்குத் தூக்கம் வேணும்.
தாங்க முடியலன்னா பாராசிட்டமோல் போடலாம், பொட்டியில உள்ள அளவத் தாண்டாத. வேற வலி மாத்திரைய பார்மசில சும்மா கேட்டு வாங்காத. காய்ச்சலும் சேர்ந்து இருந்து அது டெங்குவா இருந்தா, அந்த மாத்திரைங்க இரத்தக் கசிவ உண்டாக்கலாம்.

அண்ணி, 2.40
இத எல்லாரும் கவனமா வாசிங்க. கடுமையான வலியோட கால் வீங்கி, மூத்திரம் பால் சேர்க்காத பிளேன்டீ நிறத்துல போனா ஒரு நிமிசமும் காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போகணும். தசை ரொம்ப உடைஞ்சு இரத்தத்துல கலந்து கிட்னிய அடிக்கும். காய்ச்சலோட கெண்டைக்கால் நோவுனா அதையும் பயிற்சி வலின்னு விடாதீங்க, எலிக்காய்ச்சலா இருக்கலாம்.
பாப்பா, நீ டீச்சர், உனக்கு இன்னொண்ணு. பழக்கமில்லாத பிள்ளைய நூறு இருநூறு தோப்புக்கரணம் போட வச்சா இதே கிட்னிப் பாதிப்பு வரலாம். அந்தத் தண்டனைய எந்தப் பிள்ளைக்கும் குடுக்கக் கூடாது.

நான், 2.47
என் கிளாஸ்ல குடுக்கிறதில்ல அண்ணி. ஆனா மத்த கிளாஸ்ல பார்த்துட்டுப் பேசாம இருந்திருக்கேன். நாளைக்கு ஸ்டாஃப் ரூம்ல பேசுறேன்.

*புதன்*

நான், பிற்பகல் 3.30
இன்னைக்குக் கிளாஸ். இன்னும் கொஞ்சம் நோவுது. போகவா?

அண்ணி, 3.38
போ. சென்செய்கிட்ட, அதான் உன் கராத்தே மாஸ்டர்கிட்ட, மொதல்லயே சொல்லிரு. கிபாதாச்சில கொஞ்சம் உயரமா நில்லு, இறங்கி எழும்புறது 20, 30 போதும். தசை நோவும்போது பலமும் குறையும், நிதானமும் குறையும். அதனால இன்னைக்கு ஜோடி போட்டு வேகமா எதுவும் வேணாம், கால உயரத் தூக்கவும் வேணாம். செய்யச் செய்ய வலி கூடிக்கிட்டே போனாலோ, மூட்டுல குத்துனாலோ நிப்பாட்டிரு.

நான், இரவு 7.50
சொன்னேன் அண்ணி. சென்செய் என்னைய பின் வரிசையில நிறுத்தி 25 போதும்னு சொன்னாங்க. புதுசா வர்றவங்களுக்கு இனிமே மொத நாளே கொறைச்சித் தர்றேன்னும் சொன்னாங்க.

*ஞாயிறு*

நான், காலை 6.30
நேத்து மூணாவது கிளாஸ். அறுபது தடவை இறங்கி எழும்புனேன். இன்னைக்கு தொடை லேசா கனக்குது, அவ்வளவுதான். மாடிப்படியில நேரா இறங்கினேன்.

அம்மா, 6.34
நல்லது சாமி. முட்டை வாங்கிச் சாப்புடு

சின்னமாமா, 6.52
பாப்பா, நம்ம சின்னவ நீ போட்ட போட்டோவப் பார்த்துட்டு ரெண்டு நாளா அடம் புடிக்கிறா. ஒம்பது வயசு. சேர்க்கலாமா?

நான், 6.55
கட்டாயம் சேருங்க மாமா. சனிக்கிழமை கிளாஸ் ஒம்பதுக்கு. மஸ்கெலியாவுல ஏழு மணி பஸ்ஸ எடுங்க, நான் ஸ்டாண்ட்ல நிக்கிறேன். சப்பாத்து வேணாம், வெறுங்கால்தான். தண்ணிப் போத்தல் மட்டும் குடுத்து விடுங்க.

அண்ணி, 6.58
அவளுக்கு மொத நாள் பத்தே பத்து. நானே சென்செய்கிட்ட பேசுறேன்.