காற்றுக்காகச் செடி வாங்கிக் கொசுவத்தியில் வந்து நின்ற கதை

போன தீபாவளிக்கு முன்னால் வீட்டில் சமையலறை கேபினட் மாற்றினோம். கோலாலம்பூர் செந்தூலில் ஐந்தாவது மாடி, இரண்டு அறை வீடு. கேபினட் பார்க்க அழகுதான், ஆனால் கதவைத் திறந்தால் கண் எரியும். வேலை முடிந்து வந்து பூட்டியிருந்த வீட்டைத் திறந்தால் மூக்கில் குத்தும். ஒட்டுப்பலகையில் போடும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு வருகிறது, செடி வைத்தால் இழுத்துக்கொள்ளும் என்றார் மைத்துனர். 'நாசாவே சொன்ன செடிகள்' என்று வாட்சப்பில் ஒரு படமும் அனுப்பினார். நாசா சொன்ன பிறகு அப்பீல் ஏது?

ஞாயிற்றுக்கிழமை சுங்கை பூலோ போனோம். சாலையோரம் நெடுக நர்சரிகள். (1930-ல் அங்கே தொடங்கிய தொழுநோயாளர் குடியிருப்பில் இருந்தவர்கள் பிழைப்புக்காக ஆரம்பித்த செடி வியாபாரம் அது. அடுத்த முறை போனால் நினைத்துக்கொள்ளுங்கள்.) பாம்புச் செடி நாலு, பீஸ் லில்லி மூன்று, அரேக்கா பாம் இரண்டு, மணி பிளாண்ட் ஐந்து. மணி பிளாண்டை மட்டும் மண்ணில் வைக்காமல் பழைய ஜாம் பாட்டில்களில் தண்ணீர் ஊற்றி டிவி பக்கத்தில் வரிசையாக வைத்தாள் மகள்.

மூன்று வாரத்தில் நாற்றம் குறைந்த மாதிரி இருந்தது. "உங்க மூக்குப் பழகிப் போச்சு" என்றார் மனைவி. அதற்குள் கொசு வர ஆரம்பித்தது. ஐந்தாவது மாடிக்கு எப்படிக் கொசு என்று யோசிக்கக்கூட இல்லை. கடைக்குப் போய்க் கொசுவத்தி வாங்கி வந்து தினமும் ஏற்றினேன். சுற்றிலும் காற்றைச் சுத்தம் செய்யும் பதினான்கு செடிகள், நடுவில் புகை!

நாலாவது வாரம் பக்கத்து பிளாக்கில் இரண்டு பேருக்கு டிங்கிக் காய்ச்சல். சுகாதார அதிகாரிகள் வீடு வீடாக வந்தார்கள். சின்னப் பெண் ஒருத்தி டார்ச் அடித்து, பீஸ் லில்லி தொட்டிக்கு அடியில் இருந்த தட்டுத் தண்ணீரை உறிஞ்சி ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் விட்டுக் காட்டினார். நெளிந்தன. "ஜெந்திக்-ஜெந்திக், அங்கிள்" என்றார் (மலாயில் கொசுப்புழு), ஏதோ என் வீட்டுப் பிள்ளைகளை எனக்கே அறிமுகப்படுத்துவது போல. ஜாம் பாட்டில்களிலும் அதே. முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் போதும். நான் மூன்று வாரத்துக்கு மேலாகத் தண்ணீரே மாற்றவில்லை. 500 வெள்ளி (ரிங்கிட்) அபராதம் என்று சம்மன். அவர்மேல் தப்பில்லை.

பணம் கட்டிய பிறகுதான் நாசா என்னதான் சொன்னது என்று தேடிப் படித்தேன். 1989-ல் வுல்வர்ட்டன் குழு செய்த ஆய்வு அது. காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் செடியை வைத்து, ரசாயன வாயுவை விட்டு, எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார்கள். விண்வெளியில் மூடிய கலத்துக்குள் வாழப்போகிறவர்களுக்கான யோசனை. செந்தூல் வீடு அப்படியா? ஜன்னல் இடுக்கு, கதவிடுக்கு என்று காற்று ஓயாமல் வந்து போகிறது. அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிக் கணக்குப் போட்டு 2019-ல் வெளியிட்டார்கள். கட்டடத்தில் காற்று வந்துபோவதாலேயே நடக்கும் சுத்தத்துக்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வரை தேவையாம். எங்கள் ஹால் இருபது சதுர மீட்டர் இருக்கும். குறைந்தது 200 தொட்டி. அதற்குப் பேசாமல் சுங்கை பூலோவிலேயே போய்க் குடியிருக்கலாம்.

வயிறு எரிந்தது அதற்கல்ல. 2003-ல் வந்த இன்னொரு ஆய்வில் நம் மலேசியக் கொசுவத்தியையும் எரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் விடுவதற்குச் சமம். ஃபார்மால்டிஹைடு? 51 சிகரெட் அளவு வரை. எதை விரட்டப் பதினான்கு செடி வாங்கினேனோ, அதையே தினமும் ராத்திரி நெருப்பு வைத்து வரவழைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் எப்படி?

கெப்போங் அக்கா: தம்பி, 2019 செப்டம்பரில் புகைமூட்டத்துக்குப் பள்ளிக்கூடமெல்லாம் மூடினார்களே, அப்போது என் வீட்டில் இருபத்திரண்டு தொட்டி இருந்தது. மகனுக்கு இளைப்பு. செடியை நம்பி இரண்டு நாள் இருந்தேன், மூன்றாம் நாள் கிளினிக். நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வைத்த மிஷின் வாங்கி, ஜன்னலைச் சாத்தி, அவனை ஒரே அறையில் படுக்க வைத்த பிறகுதான் மூச்சு சீரானது. காலையில் இலையைத் துடைத்தால் துணி கறுப்பாகும், செடி வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுவேன். அது ஊஞ்சலில் படியும் அதே தூசிதான் லா.

பூனை வீடு: எங்களுக்குக் கொசு இல்லை, பூனை. மணி பிளாண்ட் இலையைக் கடித்துவிட்டு எச்சில் ஒழுக மூலையில் உட்கார்ந்திருந்தது. அந்த இலையில் ஊசி மாதிரி கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன, வாயெல்லாம் குத்தும் என்றார் டாக்டர். பீஸ் லில்லியும் அப்படித்தானாம். பூனையோ தவழும் குழந்தையோ இருந்தால் அரேக்கா பாம், ஸ்பைடர் பிளாண்ட் வையுங்கள். பாம்புச் செடியும் வேண்டாம்.

புதுசாக வந்தவன்: அண்ணே, கேபினட் நாற்றம் கடைசியில் எப்படிப் போனது? எங்கள் வீட்டிலும் புதுசு. ஹெப்பா மிஷின் வாங்கட்டுமா?

நான்: தம்பி, ஹெப்பா தூசியைத்தான் பிடிக்கும். வாயுவுக்குக் கரி வடிகட்டியும் இருக்க வேண்டும். நான் வாங்கவில்லை. சூடும் ஈரமும் கூடினால் பலகையிலிருந்து வாயு அதிகமாக வரும், நம்ம ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. அதனால் சாமான் அடுக்காமல் டிராயரையெல்லாம் திறந்து போட்டு, ஜன்னல் பக்கம் பார்த்து மேசை விசிறியை ஓடவிட்டேன். வீட்டில் ஆள் இருக்கும் நேரமெல்லாம். நாலு மாதம் ஆனது. புகைமூட்ட நாளில் மட்டும் சாத்திவிடுவேன்.

செடியில் ஆறு மிச்சம். எல்லாம் மண்ணில்தான், அடித்தட்டே கிடையாது, பாத்ரூமுக்குத் தூக்கிப் போய்த் தண்ணீர் ஊற்றுகிறேன். கொசுவத்தியை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வலை அடித்தாயிற்று. சம்மன் கட்டிய ரசீதைப் பாம்புச் செடித் தொட்டியில் குச்சி நட்டுச் செருகி வைத்திருக்கிறார் மனைவி. மைத்துனர் வரும்போதெல்லாம் அந்தத் தொட்டி எப்படியோ ஹாலுக்கு வந்துவிடுகிறது.