ஆகஸ்ட் 15 கிராம சபையும் நம் நுழைவு வளைவும்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்ததால் இந்த ஆண்டு ஆகஸ்ட் 15 கிராம சபையில் உட்கார்ந்து கேட்க முடிந்தது. வெளிநாடுகளில் வாழும் நாம் நடத்தும் சங்கத்தைப் பற்றியும், அது ஊர் முகப்பில் கட்ட நினைக்கும் வளைவைப் பற்றியும் அங்கே பேச்சு எழுந்தது. அதைச் சுருக்கிச் சொல்வது நியாயமாகாது, பொறுமையாகப் படியுங்கள்.

ஊராட்சித் தலைவரே இல்லாதபோது கிராம சபை எதற்கு என்று மஸ்கட் தம்பி சென்ற மடலில் கேட்டிருந்தார். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அன்றிலிருந்து தலைவருக்குப் பதில் அரசு நியமித்த தனி அலுவலர்தான். ஒன்றியத்திலுள்ள எல்லா ஊராட்சிகளும் அவர் ஒருவரின் பொறுப்பில் இருக்கின்றன. முன்பு தெருவிளக்கு எரியாவிட்டால் தலைவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம், வார்டு உறுப்பினரைக் கடைத்தெருவில் பிடித்துக் கேட்கலாம். இப்போது ஊர் மக்கள் கூடிக் கேள்வி கேட்க எஞ்சியிருக்கும் ஒரே இடம் கிராம சபை. தலைவர் இல்லை என்பதாலேயே அதன் தேவை கூடியிருக்கிறது. தென்பெண்ணை ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாகூரில் நம் சம்பந்தி வீட்டார் நிலைமையைப் பாருங்கள். புதுச்சேரியில் 38 ஆண்டுகள் கழித்து 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011இல் அந்தப் பதவிக்காலம் முடிந்ததோடு சரி, பல கிராமங்கள் சேர்ந்த அங்கத்திய உள்ளாட்சி அமைப்பான கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு மறுபடியும் தேர்தல் வரவில்லை. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் உள்ளாட்சிக்கு ஓட்டே போடாமல் வளர்ந்துவிட்டார்கள்.

கூட்டம் பள்ளி வளாகத்தில், கொடியேற்றம் முடிந்த பிறகு. கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பிய பற்றாளர் வந்திருந்தார், ஊராட்சிச் செயலர் வரவு செலவை வாசித்தார். குடிநீர்த் தொட்டிக் கழுவல், தூய்மைக் காவலர்களுக்குச் சம்பளம் போன்றவை எதிர்ப்பில்லாமல் நிறைவேறின. கலைஞரின் கனவு இல்லத் திட்டப் பட்டியலில் சற்று உரசல். குடிசையில் இருக்கும் ஒரு விதவையின் பெயர் விடுபட்டிருந்தது. வீடு கட்ட மூன்றரை லட்சம் ரூபாய் கிடைக்கும் விஷயம், யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் எழுந்து நின்று பெயரைச் சொல்லிச் சேர்க்க வைத்தார்கள்.

கடலூர் 2021இல் மாநகராட்சி ஆனதிலிருந்து நம் ஊரையும் அதோடு சேர்த்துவிடுவார்கள் என்ற பேச்சு ஓயவில்லை. மனை வைத்திருப்பவர்களுக்கு அதில் விருப்பம் உண்டு, மனை விலை ஏறும் என்ற கணக்கு. ஆனால் நூறு நாள் வேலை ஊராட்சிகளுக்கு மட்டுமே. மாநகராட்சிக்குள் போனால் 2025-26இல் ஒரு நாளைக்கு 336 ரூபாயாக இருந்த அந்தக் கூலி நின்றுபோகும், வீட்டு வரியும் கூடும். கூலி தாமதமாக வந்த மாதங்களில் நகையை அடகு வைத்த பெண்கள்தான் இதில் உரக்கப் பேசினார்கள். சேர்க்கக் கூடாது என்று தீர்மானம் எழுதப்பட்டது. வெளிநாட்டிலிருந்து மனை வாங்கிப் போட்டிருக்கும் நம்மில் சிலருக்கு இது கசக்கலாம். எனக்கு அந்தப் பெண்களின் பக்கம்தான் நியாயமாகப் படுகிறது.

அடுத்து எழுந்தது வடிகால் வாய்க்கால். ஃபெஞ்சல் புயலில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 2024 நவம்பர் 30 அன்று புயல் கரையைக் கடந்தது. அதையடுத்து சாத்தனூர் அணையில் ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட, தென்பெண்ணை கரை புரண்டு வந்தது. ஆறு வடிந்த பிறகும் நம் கீழ்ப்பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் வடியவில்லை. ஏரியின் உபரிநீர் வழியும் கலிங்கிலிருந்து ஆற்றுக்குப் போகும் வாய்க்கால் பாதி வழியில் சுருங்கிக் கிடப்பதுதான் காரணம். 2015 வெள்ளத்திலும் இதே கதைதான்.

அப்போதுதான் ஒருவர் நம் சங்கத்தின் பெயரை எடுத்தார். ஊர் முகப்பில் அலங்கார வளைவு கட்டச் சங்கம் பணம் சேர்க்கிறதாமே, அந்தப் பணத்தில் வாய்க்காலைச் சரிசெய்யக் கூடாதா என்று கேட்டார். சங்கத்தின் பணம், சங்கத்தின் விருப்பம் என்று நம் ஆள் ஒருவர் பதில் சொன்னார். காலனியைச் சேர்ந்த ஓர் அம்மா எழுந்தார். நூறு நாள் வேலையில் அந்த வாய்க்காலில் மண் வெட்டியவர். “வளைவு நிற்கப்போகும் இடம் எங்கள் ஊர்தானே? எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? வெள்ளத்தில் சமையல் பாத்திரம் மிதந்தது எங்கள் வீட்டில்” என்றார். சபையில் யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை, பேசவும் எனக்கு உரிமையில்லை. கிராம சபை என்பது ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களுடையது. நம்மில் பலர் வேறு நாட்டுக் கடவுச்சீட்டு வாங்கிவிட்டோம்.

அந்த அம்மா கேட்டது முழுக்கச் சரி. கோயில் குடமுழுக்குக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் நாம் அள்ளிக் கொடுத்திருக்கிறோம். பாரிஸ் அண்ணன் தன் ஓய்வூதியத்திலிருந்து கொடுத்தார். அந்தப் பாசத்தை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் என்ன கட்டுவது, எங்கே கட்டுவது என்பதைச் சிங்கப்பூரிலும் மஸ்கட்டிலும் உட்கார்ந்து நாமே முடிவுசெய்துவிட்டு ஊராட்சிச் செயலருக்கு ஒரு போன் போடுவது முறையல்ல.

நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு தந்தால் மீதியை அரசு தருகிறது. அயலகத் தமிழர்கள் சொந்த ஊர்ப் பணிகளுக்கு உதவ 2024 ஜனவரியில் தொடங்கிய ‘எனது கிராமம்’ திட்டமும் இருக்கிறது. வளைவுக்கென்று நாம் ஒதுக்கிய தொகையை இந்த வழியில் வாய்க்காலுக்குக் கொண்டுபோனால் மூன்று மடங்கு வேலை நடக்கும். கிராம சபைத் தீர்மானம் கையில் இருந்தால் ஒன்றியத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் நம் மனுவுக்கு எடை கூடும்.

இனி சொல்லப்போவது சிலருக்கு வருத்தம் தரும். வாய்க்கால் சுருங்கிய இடத்தை ஒட்டியுள்ள மனைகளில் சில நம் சங்க உறுப்பினர்களுடையவை. சுற்றுச்சுவர் எழுப்பியபோது யாரும் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார்கள், மேஸ்திரி கயிறு பிடித்த இடத்தில் சுவர் வந்திருக்கும். நில எல்லைகளைக் காட்டும் புலப்படத்தை வைத்து நில அளவையர் அளக்கட்டும். வாய்க்காலுக்குள் வந்திருக்கும் சுவரை நாமே முன்வந்து எடுத்துவிட வேண்டும். ஊர்க்காரர்களின் ஆக்கிரமிப்பை மட்டும் எடுக்கச் சொல்லிப் பணம் அனுப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அப்படித்தான் நடக்கும் என்றால் என் பங்குத் தொகையைத் திருப்பிக் கேட்பேன்.

அடுத்த கிராம சபை அக்டோபர் 2இல் வர வேண்டும். ஏழு நாளுக்கு முன் அறிவிப்பு வரும். அதற்குள் மூன்று வேலைகள். வளைவுத் தீர்மானத்தைச் சங்கச் செயற்குழு நிறுத்திவைக்க வேண்டும். வாய்க்கால் ஓரம் மனை உள்ளவர்கள் அளவைக்குச் சம்மதம் என்று சங்கத் தலைவர் சித்தப்பாவுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஊரிலுள்ள நம் அண்ணன் தம்பிகள், அத்தை, பெரியம்மாக்கள் வாக்காளர் என்ற முறையில் சபைக்குப் போய் வாய்க்கால் தீர்மானத்தை முன்மொழிய வேண்டும். போன முறை நம் வீடுகளிலிருந்து வந்தவர்கள் மிகக் குறைவு. இன்று இரவே வீட்டுக்குப் போன் செய்து பேசுங்கள். மனுவின் வரைவை நான் எழுதித் தருகிறேன், திருத்தம் சொல்ல விரும்புகிறவர்கள் இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள்.