'ஸ்வீனி டாட்': மியூசிக்கலுக்கும் கோருக்கும் தமிழ் வேண்டும்

சென்னையிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். திரைப்பட ரசனை வகுப்புக்கான பாடக்குறிப்பு திங்களன்று அச்சுக்குப் போக வேண்டும். டிம் பர்ட்டனின் 'ஸ்வீனி டாட்' (2007) பகுதியில் மியூசிக்கல் (பாட்டாலேயே கதை நடத்தும் படம்), கோர் (ரத்தம் தெறிக்கும் கொடூரம்) என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் கிடைக்காமல் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

நேற்றுதான் மாணவர்களோடு அமர்ந்து பார்த்தேன். லண்டன் முழுக்கச் சாம்பல் நிறம். ரத்தம் மட்டும் பளீரென்று பீய்ச்சுகிறது. பிரிந்துபோன மகளை நினைத்து டாட் என்ற அந்தச் சவரத் தொழிலாளி அத்தனை மென்மையாக ஒரு பாட்டை இழைக்கிறான். பாடிக்கொண்டே, வந்து உட்கார்கிறவர்களின் கழுத்தை அறுக்கிறான். நாற்காலி பின்னால் சாய, உடல் தலைகீழாக நிலவறைக்குள் போய் விழுகிறது. பிள்ளைகள் சிலர் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள், காதைப் பொத்தவில்லை. எனக்கும் குடல் புரட்டியது. எழுந்து போக மட்டும் மனசு வரவில்லை. இதை வெறுமனே 'இசைப்படம்' என்று எழுதலாமா?

கோவையிலிருந்து:

தாராளமாக எழுதலாம். வழக்கில் இருக்கிற சொல். மாணவர் பார்த்ததும் புரிந்துகொள்வார். கோருக்கு 'கொடூரக் காட்சி' போதும்.

மதுரையிலிருந்து:

ஐயா சொல்வதை ஏற்க முடியவில்லை. 1954இல் 'அந்த நாள்' படம் பாட்டே இல்லாமல் வந்ததை இன்றைக்கும் அதிசயமாகச் சொல்கிறோம். அப்படியென்றால் மற்றதெல்லாம் இசைப்படமா? நம் படங்களில் பெரும்பாலும் கதை கொஞ்சம் ஒதுங்கி நின்று பாட்டுக்கு வழிவிடும். இசையமைப்பாளர் சோண்ட்ஹைம் இதே கதையை 1979இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைக்குச் செய்தது வேறு. நீதிபதி சவர நாற்காலியில் சாய்ந்திருக்கிறான்; தன்னைக் கொல்லப்போகிறவனோடு சேர்ந்து பெண்களின் அழகைப் பாடுகிறான். பாட்டு முடிவதற்குள் கத்தி இறங்குமா என்பதுதான் காட்சியே. பாட்டை எடுத்துவிட்டால் அங்கே ஒன்றும் மிஞ்சாது.

அதனால் 'பாடுகதைப்படம்' என்கிறேன். ஊறுகாய் போலப் பாடுகதையும் வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

தஞ்சாவூரிலிருந்து:

அழகான ஆக்கம்தான். ஆனால் 'பாடு' என்றால் துன்பமும் ஆகுமே. படு என்பது முதல் நீண்டு பாடு ஆனது, பாடுபட்டான் என்கிறோம். கலித்தொகையின் 'பாடறிந்து ஒழுகல்' வேறு பொருள். சங்கப் பாட்டில் முரசின் ஒலியும் பாடு, கதிரவன் மறைவதும் பாடு. கடலோரத்தில் மீன் அகப்படுவதை இன்றும் மீன்பாடு என்கிறார்கள். துன்பமும் ஒலியும் மறைவும் ஒரே வேரில் கூடுவதை நினைத்தால் இந்தப் படத்துக்கு அந்தச் சொல் பொருந்தத்தான் செய்கிறது. இன்னும் தோண்ட வேண்டும். 'பண்பாடு' என்பதையும் சேர்த்து நாளை விரிவாக எழுதுகிறேன்.

கோவையிலிருந்து:

விரிவாக எழுதுங்கள் ஐயா, ஆனால் அச்சு திங்கட்கிழமை. பாடுகதை என்றால் மாணவர் வில்லுப்பாட்டு என்றுதான் நினைப்பார்.

மட்டக்களப்பிலிருந்து:

எங்கள் ஊரில் கூத்து ஆடுகிற வட்டமான இடத்துக்குப் பெயர் களரி. அங்கே பாத்திரம் வருவதும் பாட்டோடுதான், சண்டைக்கு நிற்பதும் பாட்டோடுதான். ரத்தக்களரி என்று எல்லோரும் சொல்கிறோம். கோருக்குக் 'குருதிக்களரி' என்று வைத்தால் ரத்தமும் மேடையும் ஒரே சொல்லில் வந்துவிடும்.

மதுரை அன்பருக்கு ஒன்று: மேடையில் கோரஸ் கூடிநின்று டாட்டின் கதையைப் பாடும். எங்கள் கட்டியக்காரன் செய்கிற வேலை மாதிரி. படத்தில் அந்தக் கோரஸ் பாட்டை எடுத்துவிட்டார்கள். கதையைப் பாடுவதற்கு ஆளே இல்லாத படத்தைப் பாடுகதை என்பது சரியா?

தஞ்சாவூரிலிருந்து:

குருதிக்களரிக்கு என் முழு ஆதரவு. ரகரம் மொழிமுதல் வராது; ரத்தத்தை விட்டதே நல்லது. களறியா களரியா என்ற வழக்கு தனி.

கலிங்கத்துப்பரணியை யாரும் நினைக்கவில்லையே! போர்க்களத்தில் பேய்கள் வள்ளைப்பாட்டு என்ற உலக்கைப் பாட்டைப் பாடிக்கொண்டே குத்தி, பிணத்தைக் கொண்டு கூழ் அடுகின்றன. மேல்மாடியில் அறுபட்டவர்களைக் கீழே அரைத்து இறைச்சிப் பணியாரம் சுட்டு விற்கிறாளே டாட்டின் கூட்டாளி லவெட், அவளுக்குச் சயங்கொண்டாரின் அடுக்களையில் தாராளமாக இடம் உண்டு. அருவருப்பையும் பாட்டையும் சேர்த்து உண்ணக் கொடுத்த மொழி இது. தொல்காப்பியர் இளிவரலை, அதாவது அருவருப்பை, மெய்ப்பாடுகள் என்ற உணர்ச்சி வெளிப்பாடுகளில் ஒன்றாக வைத்தார். மாணவர்களுக்கு இதைச் சொல்லுங்கள் அம்மா.

சென்னையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. தனிமடலில் எழுதியவர்களும் பெரும்பாலும் இசைப்படம் போதும் என்கிறார்கள், அதையே வைக்கிறேன். பாட்டே கதையை நடத்தும் என்று அடியில் ஒரு வரி வரும். கோருக்குக் குருதிக்களரி. பரணிக் கூழையும் சேர்த்துவிட்டேன்.

மதுரையிலிருந்து:

என் மறுப்பு அப்படியே இருக்கிறது. அடியில் ஒரு வரி சேர்த்தால்தான் பொருள் தரும் என்றால் அது கலைச்சொல்லே இல்லை. கோரஸ் போனாலும் பாத்திரங்கள் தங்கள் கதையைத் தாங்களே பாடுகிறார்கள். அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி கேட்பேன்.