காரணி தெரியாமலே பகு எண் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

தெம்பனிஸ் தந்தை:
வணக்கம். உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகன் 2⁶⁷ − 1 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாளாக என்னைக் குடைகிறான். 147573952589676412927 என்று 21 இலக்கங்களாக விரியும் அதனை பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1644இல் பகா எண்களின் பட்டியலில் சேர்த்தார். அது பகு எண்தான் என்று பிரெஞ்சுக் கணிதர் லூக்கா 1876இல் நிறுவினார். ஆனால் 193707721, 761838257287 என்ற காரணிகளை ஃபிராங்க் நெல்சன் கோல் 1903இல்தான் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் காட்டினார். எதனால் வகுபடும் என்றே தெரியாத எண்ணை, வகுபடும் என்று மட்டும் 27 ஆண்டுகளுக்கு முன்பே எப்படி அடித்துச் சொல்ல முடிந்தது?

பிடோக் கணக்காசிரியர்:
பகா எண்கள் அனைத்துக்கும் உள்ள ஒரு குணம் ஓர் எண்ணுக்கு இல்லையென்று காட்டிவிட்டால் போதும். காரணியைத் தேட வேண்டியதில்லை. பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா 1640இல் சொன்னதன்படி, p என்பது 2 அல்லாத பகா எண்ணாக இருந்தால், 2-இன் (p − 1)ஆம் அடுக்கை p-ஆல் வகுக்கும்போது மீதி 1 வரும். 91ஐ எடுத்துக்கொள்ளுங்கள் (பார்வைக்குப் பகா எண் போலவே இருந்து என் மாணவர்களை ஆண்டுதோறும் ஏமாற்றும் எண் இது). 2¹² = 4096, 45 × 91 = 4095, ஆகவே மீதி 1. அப்படியானால் 2⁸⁴-க்கும் மீதி 1. எனவே 2⁹⁰-க்கு மிஞ்சுவது 2⁶, அதாவது 64. மீதி 1 வராததால் 91 பகு எண். இந்தக் கணக்கில் 7உம் 13உம் எங்கும் தலைகாட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஈசூன் வாசகர்:
ஆனால் மீதி 1 வந்துவிட்டது என்பதற்காகப் பகா எண் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 341 = 11 × 31. 2¹⁰ = 1024 = 3 × 341 + 1 என்பதால் 2³⁴⁰-க்கும் மீதி 1தான் வருகிறது. 2க்குப் பதில் 3ஐ வைத்தால் மீதி 56 வந்து குட்டு உடைகிறது. 561 இன்னும் பொல்லாதது: 3, 11, 17 ஆகியவற்றால் வகுபடாத எந்த எண்ணை வைத்தாலும் 1தான்.

முன்னாள் பொறியாளர்:
லூக்கா கையாண்டது ஃபெர்மாவின் வழியன்று. 2ᵖ − 1 வடிவில் வரும் மெர்சென் எண்களுக்கென்றே அமைந்த சோதனை அவருடையது. அதைப் பின்னர் அமெரிக்கக் கணிதர் லேமர் எளிமையாக்கினார். 4இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். p ஒற்றைப் பகா எண்ணாக இருக்க, இதை p − 2 முறை செய்தபின் 0 வந்தால்தான் 2ᵖ − 1 பகா எண். 2⁷ − 1 = 127க்கு 14, 67, 42, 111, 0 என்று வரும். 2⁶⁷ − 1க்கு 65 முறை செய்ய வேண்டும். 21 இலக்க எண்களைக் கையால் வர்க்கப்படுத்துவது தவம்தான் என்றாலும் அதற்கு ஒரு முடிவு உண்டு. காரணி தேடுவதோ வேறு கதை: காரணிகள் எல்லாம் 134k + 1 வடிவில்தான் இருக்கும் என்று தெரிந்திருந்தும், முதல் காரணி அகப்படுவது k = 1445580 என்ற இடத்தில். 2-இன் 1048576ஆம் அடுக்குடன் 1 சேர்த்துக் கிடைக்கும் ஃபெர்மா எண்ணுக்கு 315,653 இலக்கங்கள். பகு எண் என்று 1988இல் நிறுவப்பட்ட அதற்கு ஒரு காரணிகூட இன்னும் அகப்படவில்லை.

தெம்பனிஸ் தந்தை:
அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு உணவு மேசையிலேயே 2¹¹ − 1 = 2047க்குச் செய்து பார்த்தோம்; இடையில் அவன் ஒருமுறை 2ஐக் கழிக்க மறந்ததால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஒன்பதாம் படியில் 1736 வந்தது. 0 இல்லை என்பதால் பகு எண் என்று அவன் தீர்ப்பெழுதிய பிறகே 23 × 89 என்று நான் சொன்னேன். அந்த 1736க்குள் 23 எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று இப்போது கேட்கிறான்.

முன்னாள் பொறியாளர்:
இல்லை. 1736 = 8 × 7 × 31. அதற்கும் 2047க்கும் 1ஐத் தவிரப் பொதுக் காரணியே கிடையாது.