ரைடிங் மோவரை ஏற்றி இறக்குவது எப்படி?

கேள்வி

வீடு மாறுகிறோம். முன்பக்கம் எஞ்சின் உள்ள ரைடிங் மோவர் (உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி) ஒன்று இருக்கிறது, ஹைட்ரோஸ்டாட்டிக் வகை, அதாவது எண்ணெய் அழுத்தத்தால் சக்கரம் ஓடுவது. எடை 200 கிலோவுக்கு மேல். வாடகைக்கு ஒரு திறந்த டிரெய்லர் பேசியிருக்கிறேன். நாலு பேர் சேர்ந்து தூக்கி வைத்துவிடலாம் என்கிறான் தம்பி. எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்புறம், போவதற்கு முன் பிளேடையும் கழற்றித் தீட்ட வேண்டும். அதற்கு எங்கே ஜாக் கொடுப்பது?

பதில் 1

தம்பி சொல்வதைக் கேட்காதீர்கள். நாலு பேரும் கையில் கிடைத்ததைத்தான் பிடிப்பார்கள். கிடைப்பது பிளாஸ்டிக் பானெட், மட்கார்டு, டெக் விளிம்பு. மூன்றுமே எடை தாங்கச் செய்தவை அல்ல.

மோவர் பழுது பார்ப்பதுதான் என் தொழில். புல் வெட்டும்போது கெட்டு வருவதைவிட, வண்டியில் ஏற்றி இறக்கும்போது கெட்டு வருவதுதான் எனக்கு எரிச்சல். டெக் என்பது பிளேடை மூடியிருக்கும் வெறும் தகடு, சில கம்பிகளில் தொங்குகிறது. அதைப் பிடித்துத் தூக்கினால் கம்பி வளையும், மட்டம் போகும். அப்புறம் ஒரு பக்கம் மொட்டையாகவும் மறுபக்கம் நீளமாகவும் வெட்டும். என்ன செய்தாலும் பாரம் சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில் விழ வேண்டும். தூக்குவதற்கும் அதே கணக்கு, கட்டுவதற்கும் அதே கணக்கு.

தூக்காமல் ராம்ப் (சாய்வுப் பலகை) போட்டு ஓட்டி ஏற்றுங்கள். அதை வாங்கும்போது நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். டிரெய்லர் தளம் 60 செ.மீ. உயரம் என்றால் 1.8 மீட்டர் ராம்ப் கிட்டத்தட்ட 20 டிகிரி சாய்வு தரும். அது ஆபத்து. 2.4 மீட்டர் போட்டால் 15 டிகிரிக்குள் வந்துவிடும். ராம்பின் மேல்முனையைச் சங்கிலியால் டிரெய்லரோடு கட்டுங்கள். கட்டாவிட்டால் பின்சக்கரம் உதைத்த உதையில் பலகை பின்னால் பறக்கும், வண்டி நடுவில் விழும். டெக்கை ஆக உயரமான நிலையில் வையுங்கள், இல்லையென்றால் ராம்ப் முடியும் மேட்டில் தட்டும்.

ஏறும்போது எடை பின்னால் சாயும், முன்பக்கம் தூக்கும். அதனால்தான் பல மாடல்களின் கையேட்டில் பின்னோக்கி ஏற்றி முன்னோக்கி இறக்கச் சொல்லியிருப்பார்கள். உங்கள் கையேடு சொல்வதைச் செய்யுங்கள். பிளேடு ஓடாமல், மெதுவாக, நடுவில் நிறுத்தாமல்.

பதில் 2

நான் ஓட்டி ஏற்றுவதே இல்லை. வின்ச் (வடத்தைச் சுருட்டி இழுக்கும் கருவி) போட்டு இழுத்துவிடுவேன். கொக்கியை சேஸிஸின் முன்பகுதியில் மாட்ட வேண்டும், ஸ்டியரிங் கம்பியில் அல்ல. ஹைட்ரோஸ்டாட்டிக் என்பதால் எஞ்சின் ஓடாமல் இழுக்கும்போது, சக்கரத்தைத் தடையில்லாமல் உருள விடும் பைபாஸ் லீவரை விடுவிக்க வேண்டும். விடுவிக்காமல் இழுத்தால் சக்கரம் இறுகிக்கொள்ளும், உள்ளே இருக்கும் பம்புக்குக் கேடு. ஆனால் லீவரை விடுவித்ததும் வண்டியைப் பிடித்து நிறுத்த பிரேக்கைத் தவிர எதுவும் இல்லை. சரிவில் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

கேட்டவர்

சரி, வின்ச் கேட்டுப் பார்க்கிறேன். பயணத்தில் சாய்த்துப் படுக்க வைக்கலாமா? இடம் மிச்சமாகும்.

பதில் 1

கூடவே கூடாது! பெட்ரோல் மூடி வழியாகக் கசியும், எண்ணெய் ஏர் ஃபில்டரையும் சிலிண்டரையும் நனைக்கும். சிலிண்டரில் எண்ணெய் நிறைந்த நிலையில் ஸ்டார்ட் போட்டால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடே வளையலாம்.

நாலு சக்கரமும் தரையில், பார்க்கிங் பிரேக் போட்டு, பைபாஸ் லீவரைப் பழைய நிலைக்குத் திருப்பி, பெட்ரோல் வால்வை மூடி வையுங்கள். பானெட் கீல் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று பார்த்து, காற்று அதைத் திறக்காத பக்கமாக நிறுத்துங்கள். புல் சேரும் பை இருந்தால் கழற்றிவிடுங்கள்.

ராட்செட் பட்டை (கைப்பிடியால் இறுக்கும் கட்டுப்பட்டை) நாலு மூலைக்கும் நாலு. லேபிளில் இரண்டு எண் இருந்தால் சிறியதைத்தான் நம்ப வேண்டும், பெரியது அறுந்துபோகும் அளவு. புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போனதும் இறங்கி மறுபடி இறுக்குங்கள். டயர் அமுங்கி பட்டை தளர்ந்திருக்கும்.

பிளேடுக்கு: சமதளத்தில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் சேஸிஸில் ஜாக் வைத்துத் தூக்கி, உடனே ஸ்டாண்ட் கொடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்க வேண்டாம். பின்பக்கம் தூக்க நேர்ந்தாலும் பின்சக்கரங்களை ஓட்டும் டிரான்ஸ்ஆக்சில் பெட்டியில் ஜாக் முனையை வைக்காதீர்கள். பல வண்டிகளில் அது அலுமினிய வார்ப்பு, விரிசல் விட்டால் எண்ணெய் ஒழுகும், பெட்டியையே மாற்ற வேண்டியதாகிவிடும்.

பதில் 3

டெக்கையே தனியாகக் கழற்றிவிட்டால் பிளேடு வேலை இன்னும் சுலபம். பெரும்பாலும் சில பின்னும் ஒரு பெல்ட்டும்தான். பெல்ட் ஓடும் வழியை முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.