திரட்டுப்பாலுக்குப் பால் 3 கிலோன்னா எத்தனை லிட்டருங்க?

ஈரோட்டுக்காரி
திரட்டுப்பால் குறிப்பு ஒண்ணுல பால் 3 கிலோ, நாட்டுச்சர்க்கரை 250 கிராம்னு இருக்குதுங்க. இங்க அரை லிட்டர் பாக்கெட்தான் கிடைக்குது. 6 பாக்கெட் சரியா வருமுங்களா? தராசுல எம்.எல்.னு ஒரு பட்டன் இருக்குது, அதுலயே அளந்துக்கலாமா?

கோபி பால்காரர்
6 பாக்கெட் போதுமுங்க. ஒரு லிட்டர் பால் சுமார் 1,030 கிராம். கிலோவை 1.03 ஆல வகுத்தா லிட்டர், லிட்டரை 1.03 ஆல பெருக்கினா கிலோ. 3 கிலோவுக்கு 2.91 லிட்டர் வரும். 6 பாக்கெட் ஊத்தினா 3.09 கிலோ. கூட வர்ற 90 கிராம் பெரும்பாலும் தண்ணிதான், அடுப்புல சுண்டிப் போயிரும்.

எம்.எல். பட்டன் வேண்டாமுங்க. பல தராசுல அது தண்ணிக் கணக்கு, 1 கிராமை அப்படியே 1 மில்லின்னு காட்டும். அரை லிட்டர் பாலை வெச்சா 515னு வரும். கிராம்லயே வெச்சு அளங்க.

கறந்த பால்னா நுரையைப் பாருங்க. படியில அளந்தா நுரையும் பாலாக் கணக்காயிரும். அரை மணி நேரம் அடங்க விடுங்க, இல்லைன்னா எடை போட்டுருங்க. காய்ச்சின பாலைச் சூட்டோட அளக்கவே கூடாது. சூட்டுல பால் 100-க்கு 2, 3 பங்கு விரியும், ஆவியாப் போன தண்ணி வேற.

பாலோட கனம் பார்க்கற லேக்டோமீட்டர் 28 காட்டினா லிட்டர் 1,028 கிராம்னு அர்த்தம். கொழுப்பு கூடினா பால் கனக்கும்னு பலர் நினைக்கறாங்க, அது தப்பு. கொழுப்பு தண்ணியை விட லேசு. கனம் குடுக்கறது புரதமும் பால்சர்க்கரையும் உப்புச்சத்தும்தான். அதனால ஆடை எடுத்த பால் 1,035 பக்கம் ஏறும். கிரீமுக்கு 1.03 போடாதீங்க.

பொள்ளாச்சி சமையல்
அண்ணன் சொன்ன கணக்குச் சரிங்க. ஆனா கிலோவுக்கும் லிட்டருக்கும் வித்தியாசம் 100-க்கு 3தான். பண்டம் மாறிப்போறது எந்தப் பால்ங்கறதுலதான். 100-க்கு கொழுப்பு 3, எஸ்.என்.எஃப் (கொழுப்பும் தண்ணியும் போக மீதிச் சத்து) 8.5 உள்ள பால் 3.09 கிலோவுல சத்து 355 கிராம். 6-ம் 9-மா உள்ள கெட்டிப்பால்ல 463 கிராம். 100-க்கு 30 ஈரம் நிக்கற பதத்துல இறக்கினா முதல்ல சொன்னதுக்கு 510 கிராம், ரெண்டாவதுக்கு 660 கிராம் கோவா கிடைக்கும். ரெண்டுக்கும் அதே 250 கிராம் சர்க்கரை போட்டா கெட்டிப்பால்ல இனிப்பு பத்தாது.

உருளியோட காலி எடையை எழுதி வெச்சுக்குங்க. சுண்டினதும் உருளியோட நிறுத்து, காலி எடையைக் கழிங்க. அதுல பாதி நாட்டுச்சர்க்கரை. கெட்டியான பொறவு, தீயைக் குறைச்சுத்தான் போடணும், முன்னாடியே போட்டா பால் திரியும்.

சர்க்கரையை டம்ளர்ல அளக்காதீங்க. அமுக்கினா ஒரு எடை, உதிர்த்தா வேற எடை. டம்ளரோ பழைய ஆழாக்கோ எத்தனை மில்லின்னு தெரியணும்னா, தண்ணி நிரப்பித் தராசுல வைங்க, தண்ணியோட கிராம்தான் மில்லி.

ஈரோட்டுக்காரி
கெட்டிப்பால்தானுங்க வாங்கறோம், அப்ப சர்க்கரை 330. கண்டென்ஸ்டு மில்க் 400 கிராம் டின்னுக்கும் இதே 1.03-ங்களா அக்கா?

பொள்ளாச்சி சமையல்
இல்லைங்க. அது லிட்டருக்குச் சுமார் 1.3 கிலோ. 400 கிராம் டின்ல 310 மில்லிக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும். வழிச்சு எடுங்க, டின்னுல 10, 15 கிராம் ஒட்டியே நிக்கும்.